ஆண்டு முடிவில் உணவுத் தொழில் கணக்கு ஒட்டாதபோது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

முறுக்கு, மிக்சர், மசாலாப் பொடி, ஊறுகாய், அப்பளம் என்று உரிமம் வாங்கித் தயாரிப்புக்கூடம் நடத்துபவர்களுக்கு மார்ச் கடைசியிலிருந்து மே கடைசி வரை ஒரே பாடுதான். செய்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு, மீதி எவ்வளவு என்பதை எல்லாத் தாளும் ஒரே மாதிரி சொல்லவைக்க வேண்டும். பிழை கண்ணில் படுவது மே மாதம், ஃபோஸ்கோஸ் (உணவு பாதுகாப்பு உரிமத்துக்கான இணையதளம்) திரையில். அது பிறந்தது பெரும்பாலும் அடுப்படிப் பதிவேட்டில், தீபாவளி வாரத்திலோ ஆள் மாறிய மாதத்திலோ. அதனால் அறிகுறியிலிருந்து பின்னோக்கித் தேடிப் போகும்படி இதை எழுதியிருக்கிறோம்.

இங்குள்ள விதிகளும் தேதிகளும் 2024-25 நிதியாண்டின் கணக்கை முடிப்பதற்கானவை. உதாரணத்துக்கு, வருடம் இருபது டன்னுக்குள் முறுக்கு போடும் ஒரு கூடம். மற்றவர்கள் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போட முடியாது: மார்ச் 31 அன்று இருப்பு எண்ணுவது. 2025இல் அது ரம்ஜான் விடுமுறையான திங்கட்கிழமை. அடுப்பு எரியாது, லாரி வராது. எண்ணுவதற்கு அதைவிட நல்ல நாள் அமையாது. மாவு மூட்டை, எண்ணெய் டின், பாக்கெட் ஆன சரக்கு, பாக்கெட் ஆகாத சரக்கு, அச்சிட்ட கவர் சுருள் என்று ஐந்தையும் தனித்தனியாக எண்ணி, எண்ணியவரும் பார்த்தவரும் கையெழுத்துப் போடுங்கள். ஏப்ரல் 10ஆம் தேதி உட்கார்ந்து "அன்றைக்கு இவ்வளவு இருந்திருக்கும்" என்று எழுதிய இருப்புதான் கீழே வரும் தகராறுகளில் பாதிக்குக் காரணம்.

அறிகுறி 1: ஆண்டு அறிக்கைப் பக்கத்தில் உங்கள் உரிமமே காட்டவில்லை

முதலில் 14 இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் பதிவுச் சான்று. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. ஆகவே 124 என்று தொடங்கினால் மாநில உரிமம், 224 என்றால் பதிவு, 100 என்றால் மத்திய உரிமம். அதற்கடுத்த இரண்டு இலக்கம் வழங்கிய ஆண்டு.

224 வைத்திருப்பவர் டி-1 படிவம், அதாவது ஆண்டு அறிக்கை, தாக்கல் செய்ய வேண்டியதில்லை. பக்கம் காட்டாதது சரிதான். ஆனால் ஆண்டு விற்றுமுதல் 2024-25இல் இருந்த 12 லட்ச வரம்பைத் தாண்டிய பிறகும் 224இலேயே இருந்தால் உங்கள் சிக்கல் அறிக்கை இல்லை, உரிமம். முதலில் மாநில உரிமத்துக்கு மாறுங்கள்.

124 வைத்திருந்தும் காட்டவில்லையா? இரண்டு காரணம் வழக்கமாக இருக்கும். உரிமத்தில் தொழில் வகை "சில்லறை விற்பனை" அல்லது "உணவகம்" என்று மட்டும் பதிவாகியிருக்கும். டி-1 என்பது தயாரிப்பவர், மறுபொட்டலமிடுபவர், இறக்குமதி செய்பவர் ஆகியோருக்கு. ஓட்டல், மெஸ், கேண்டீன், மளிகைக் கடைக்கு விலக்கு உண்டு. பின்பக்கம் அடுப்பு வைத்துப் பாக்கெட் போட்டு மற்ற கடைகளுக்கும் அனுப்பிக்கொண்டு, உரிமத்தில் வெறும் சில்லறைக் கடை என்றிருந்தால், உரிமத்தில் திருத்தம் கேட்டு விண்ணப்பியுங்கள். பக்கம் காட்டவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உரிமத்தில் இல்லாத தொழிலைச் செய்வது அறிக்கை பிந்துவதைவிடப் பெரிய குற்றம்.

இரண்டாவது காரணம், உரிமம் எடுத்துக் கொடுத்த இடைத்தரகர் தன் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டிருப்பார். ஓடிபி அவருக்குப் போகும். நினைவூட்டலும் அவருக்கே போகும். உரிம நகல், உரிமையாளரின் அடையாளச் சான்று, கையெழுத்திட்ட கடிதம் ஆகியவற்றோடு உணவு பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலர் அலுவலகத்தில் தொடர்பு விவரத்தை மாற்றித்தரக் கேளுங்கள். இதை ஏப்ரலிலேயே முடித்துவிடுங்கள். மே கடைசி வாரம் அந்த மேசையில் கூட்டம் அதிகம்.

அறிகுறி 2: அறிக்கையில் அளவு மலை மாதிரி வருகிறது, அல்லது கடுகளவு வருகிறது

டி-1 கேட்கும் அளவு மெட்ரிக் டன்னில். உங்கள் பதிவேடு கிலோவில். பில் பாக்கெட்டில். இந்த மூன்று அலகும் உரசும் இடத்தில்தான் நெருப்புப் பிடிக்கிறது.

உதாரணக் கூடத்தின் ஓராண்டுக் கணக்கு இது:

200 கிராம் பாக்கெட் 64,500. அதாவது 12,900 கிலோ, 12.9 டன்.
500 கிராம் பாக்கெட் 9,200. அதாவது 4,600 கிலோ, 4.6 டன்.
கடைகளுக்குப் போகும் 5 கிலோ டின் 310. அதாவது 1,550 கிலோ, 1.55 டன்.
மொத்தம் 19,050 கிலோ, 19.05 டன்.

இதில் 12.9 என்று போட வேண்டிய கட்டத்தில் 12,900 என்று போட்டால் என்ன ஆகும்? வருடம் 300 நாள் வேலை என்று வைத்தால் நாளொன்றுக்கு 43 டன் முறுக்கு. நாளுக்கு 2 டன்னைத் தாண்டும் கூடம் மத்திய உரிமம் வாங்க வேண்டும் என்பது 2024-25இல் இருந்த விதி. மாநில உரிமம் வைத்துக்கொண்டு 43 டன் போடுவதாக நீங்களே கையெழுத்திட்டுக் கொடுத்தது போல் ஆகிவிடும். இன்னொரு பிழையும் உண்டு: பாக்கெட் எண்ணிக்கையை ஆயிரத்தால் வகுத்து 64.5 டன் என்று போடுவது.

நீக்கும் வழி எளிது. பாக்கெட் அளவு ஒவ்வொன்றுக்கும் தனி வரி. பாக்கெட் எண்ணிக்கை, ஒரு பாக்கெட்டின் கிராம், பெருக்கி வரும் கிலோ, ஆயிரத்தால் வகுத்து வரும் டன் என்று நான்கு கட்டம் போட்டு முதலில் தாளில் எழுதுங்கள். பிறகு திரையில் ஏற்றுங்கள். ஏற்றியதும் மொத்த டன்னை 300ஆல் வகுத்து, அந்த நாள் சராசரி உங்கள் அடுப்பால் ஆகக்கூடியதா என்று பாருங்கள். மேலே உள்ள கூடத்துக்கு அது 63.5 கிலோ. நம்பக்கூடிய எண்.

இங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது. உரிமத்தில் உற்பத்தித் திறன் நாள் ஒன்றுக்கு இத்தனை கிலோ என்று பதிவாகியிருக்கும். 100 கிலோ என்று இருந்தால் ஆண்டு சராசரி அதற்குள் அடங்கிவிடும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தைப் புரட்டுங்கள். நாளுக்கு 180 கிலோ என்று பேட்ச் பதிவேட்டிலேயே எழுதியிருப்பீர்கள். ஆய்வுக்கு வருபவர் சராசரியைப் பார்ப்பதில்லை, அந்தப் பக்கத்தைத்தான் திறக்கச் சொல்வார். பதிவேட்டை மாற்றி எழுதுவது தீர்வாகாது. உச்ச நாள் அளவுக்கு உரிமத்தின் திறனைத் திருத்திக்கொள்ளுங்கள்.

உற்பத்தியே இல்லாத ஆண்டு என்றாலும், உரிமம் உயிரோடு இருந்தால் பூஜ்யம் போட்டுத் தாக்கல் செய்யுங்கள்.

அறிகுறி 3: டி-1 மதிப்பும் ஜிஎஸ்டி விற்பனையும் ஒட்டவில்லை

ஒட்டாமல் இருப்பது தவறில்லை. ஏன் ஒட்டவில்லை என்று சொல்ல முடியாமல் போவதுதான் தவறு. ஒன்று தயாரித்த கணக்கு, மற்றது விற்ற கணக்கு. நடுவில் இருப்பும் சேதாரமும் நிற்கின்றன.

அதே கூடம். கடைக்குக் கொடுக்கும் விலை, வரி நீங்கலாக: 200 கிராம் பாக்கெட் கிலோவுக்கு 240 ரூபாய், 500 கிராம் 220, டின் 200. பெருக்கினால் 30,96,000, 10,12,000, 3,10,000. மொத்தம் 44,18,000. ஆடிட்டர் தரும் வரி நீங்கிய விற்பனை 43,04,000. வித்தியாசம் 1,14,000.

இப்போது மார்ச் 31 இருப்புத் தாளை எடுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் இருந்ததைவிட 200 கிராம் பாக்கெட் 1,900 கூடுதலாக இருக்கிறது. 380 கிலோ, 91,200 ரூபாய். நொறுங்கியது, திரும்பி வந்தது, மாதிரி கொடுத்தது என்று சேதாரப் பதிவேட்டில் 475 பாக்கெட். 95 கிலோ, 22,800 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 1,14,000. கணக்கு நேர்.

இந்த ஆறேழு வரியை ஒரு தாளில் எழுதி டி-1 நகலோடு பின் பண்ணி வையுங்கள். கேள்வி வந்தால் அதுவே பதில்.

வித்தியாசம் நேராகவில்லை என்றால் இந்த வரிசையில் தேடுங்கள். வரியோடு சேர்த்த விலையை எங்காவது போட்டிருக்கிறீர்களா? பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையைப் போட்டிருக்கிறீர்களா? வெளியில் வாங்கி அப்படியே விற்ற பொருள், அதாவது நீங்கள் தயாரிக்காத கடலைமிட்டாய் மாதிரி ஒன்று, ஜிஎஸ்டி விற்பனையில் கலந்திருக்கிறதா? மற்றவர் பெயருக்குக் கூலிக்குப் போட்டுக் கொடுத்தீர்களா? கூலிக்குப் போட்ட சரக்கு உங்கள் விற்பனையில் கூலியாக மட்டும் தெரியும். தயாரிப்பு அளவில் முழுக் கிலோவும் வர வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் அதிகம் பேர் தவற விடுகிறார்கள்.

அறிகுறி 4: எண்ணெய்க் கணக்கு இடிக்கிறது

மற்ற எல்லாம் நேரான பிறகும் எண்ணெய் மட்டும் நிற்காது. இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

முறுக்கின் எடையில் கால் பங்குக்கு மேல் எண்ணெய். துல்லியமான எண் உங்கள் ஆய்வக அறிக்கையிலேயே இருக்கிறது. 100 கிராமில் கொழுப்பு எவ்வளவு என்ற வரியைப் பாருங்கள். 28 கிராம் என்று வைப்போம். 19,050 கிலோ முறுக்கில் 5,334 கிலோ எண்ணெய் போயிருக்க வேண்டும். மாவிலும் எள்ளிலும் உள்ள கொழுப்பு சிறிது; இந்தக் கணக்குக்கு அதை விட்டுவிடலாம்.

கொள்முதல் பில்படி செலவானது 466 டின். பதிவேட்டில் "466 x 15 = 6,990" என்று எழுதியிருக்கும். 6,990 என்ன? இங்கேதான் முதல் பிழை. 15 கிலோ டின்னும் வருகிறது, 15 லிட்டர் டின்னும் வருகிறது. சமையல் எண்ணெய் ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான். டின்னின் பக்கவாட்டில் அச்சிட்டதைப் பாருங்கள். லிட்டர் டின்னாக இருந்து கிலோ என்று எழுதியிருந்தால், இல்லாத 629 கிலோவைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். 6,990 லிட்டர் என்றால் 6,361 கிலோ. அதில் 5,334 கழித்தால் 1,027 கிலோ, அதாவது சுமார் 1,130 லிட்டர்.

இந்த 1,130 லிட்டர் எங்கே போயிற்று? அது சட்டியில் மிஞ்சிய எண்ணெய். பயன்படுத்திய எண்ணெயை வெளியேற்றிய பதிவேட்டில் 420 லிட்டர்தான் இருக்கிறது என்றால், மீதி 710 லிட்டருக்கு விளக்கம் வேண்டும். கசடாக வடித்து எறிந்தது கொஞ்சம் இருக்கும். பில் இல்லாமல் கேனில் ஊற்றி யாருக்காவது கொடுத்தது இருந்தால், இந்த ஆண்டோடு நிறுத்துங்கள். அந்த எண்ணெய் தெருவோரச் சட்டியில் மறுபடி கொதித்து ஒரு குழந்தையின் வடையில் ஏறுகிறது. வேறு எந்தத் தாள் பிழையையும்விட இது கனமான தவறு.

மொத்தப் போலார் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்வதால் கூடும் கெட்ட பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள விதி. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பவர்கள் பதிவேடு வைத்து, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். நீங்கள் 50 லிட்டருக்குக் கீழே இருந்தாலும் எழுதி வையுங்கள். தேதி, சட்டியில் இருந்த லிட்டர், அளவுமானி காட்டிய எண், வடித்த லிட்டர், எடுத்துப்போனவர், ரசீது எண். அளவுமானி காட்டிய எண் வருடம் முழுக்க 18, 18, 18 என்றே இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். உண்மையான எண்ணெய் திங்கட்கிழமை 9 இருக்கும், வெள்ளிக்கிழமை 21 இருக்கும்.

மாவையும் ஒரு முறை சரிபாருங்கள். 100 கிலோ மாவு பொரித்தெடுத்தால் 120 முதல் 130 கிலோ முறுக்கு வருவது இயல்பு. 19,050 கிலோவுக்குப் பதினைந்து டன்னைச் சுற்றி மாவு போயிருக்க வேண்டும். பதினோரு டன்னுக்குத்தான் பில் இருக்கிறது என்றால், பில் இல்லாத கொள்முதல் எங்கோ நடந்திருக்கிறது.

அறிகுறி 5: தண்ணீர் அறிக்கையில் கோலிஃபார்ம்

குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரப்படி 100 மில்லியில் கோலிஃபார்ம் (தண்ணீரில் அசுத்தம் கலந்ததைக் காட்டும் கிருமி) இருக்கவே கூடாது. வந்துவிட்டால் பதறி ஆர்ஓ இயந்திரம் வாங்க ஓடாதீர்கள். காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும்.

மாதிரி எடுத்த விதம். ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய புட்டியின் அடியில் வெள்ளைத் துகள் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அது சோடியம் தயோசல்பேட். தண்ணீரிலுள்ள குளோரினை முறிக்க வைத்தது. அழுக்கு என்று நினைத்துப் புட்டியைக் கழுவிவிட்டால், அந்தத் துகளும் போய்விடும், புட்டியின் கிருமி நீக்கமும் கெட்டுவிடும்; அறிக்கையை நம்ப முடியாது. குழாய் வாயை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, மூன்று நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உள்பக்கம் விரல் படாமல், கழுத்துக்குக் கீழே ஓர் அங்குலம் காலி விட்டுப் பிடியுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகம் சேருங்கள்.

மேல்நிலைத் தொட்டி. மூடி விலகியிருக்கிறதா, வழிந்தோடும் குழாயில் வலை இருக்கிறதா, பல்லி, குருவி எச்சம் இருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். காலி செய்து, பிரஷால் தேய்த்து, மறுபடி நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் போடுங்கள். குளோரின் 33 சதவீதம் உள்ள புதுப் பவுடருக்கு இந்த அளவு. லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரும். பவுடரை அப்படியே கொட்டாமல் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேல்தெளிவை மட்டும் ஊற்றுங்கள். ஒவ்வொரு குழாயையும் திறந்து குளோரின் வாடை வந்ததும் மூடுங்கள். ஓர் இரவு விட்டு முழுவதும் வடித்து, நல்ல தண்ணீரால் அலசுங்கள். அந்த இரவு முழுக்க எல்லாக் குழாயிலும் "பயன்படுத்தாதே" என்று எழுதித் தொங்கவிடுங்கள்.

வாடையே இல்லாத பழைய பவுடர் வீரியம் செத்தது. அதுதான் மூன்றாவது காரணம்: தினமும் போடுகிறோம் என்று பதிவேடு சொல்லும், மூட்டை போன வருடத்தது. தினசரிக்கு நல்ல பவுடர் 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் போதும். அரை மணி கழித்து குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் குளோரின் மிஞ்ச வேண்டும். இதைப் பார்க்கும் குளோரோஸ்கோப் கருவியின் விலை அதிகமில்லை.

நான்காவது, ஆர்ஓவுக்குப் பின்னால் இருக்கும் சேமிப்புத் தொட்டி. ஆர்ஓ குளோரினையும் எடுத்துவிடுவதால் அந்தத் தொட்டியில் பாதுகாப்பு எதுவும் இல்லை. மாதக்கணக்கில் கழுவாமல் விட்டால் கிருமிக்கு அதுதான் வீடு.

மறுபரிசோதனை மாதிரியைக் கடுமையான குளோரின் சுத்தம் செய்த மறுநாளே எடுக்காதீர்கள். வழக்கமான அளவில் இரண்டு மூன்று நாள் ஓடவிட்டு எடுத்தால்தான் உண்மை தெரியும்.

அறிகுறி 6: ஆய்வக அறிக்கை ஒன்று சொல்கிறது, லேபிள் வேறு சொல்கிறது

தயாரிப்பாளர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தன் பொருளை அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. அறிக்கை வந்ததும் கோப்பில் செருகிவிட்டு மறந்துவிடுவதுதான் வழக்கம். அதை லேபிளுக்குப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படியுங்கள்.

கொழுப்பு லேபிளில் 22, அறிக்கையில் 31. லேபிள் எண்ணை வேறொருவர் பாக்கெட்டிலிருந்து எடுத்திருப்பீர்கள். அல்லது எண்ணெய் போதிய சூடேறாமல் பொரிப்பதால் அதிகம் குடிக்கிறது. முதலாவது என்றால் லேபிளை மாற்றுங்கள், இரண்டாவது என்றால் அடுப்பை.

பாமாயிலிலிருந்து சூரியகாந்திக்கோ மறுபடி பாமாயிலுக்கோ மாறியிருக்கிறீர்கள், லேபிளில் பழையதே இருக்கிறது. எண்ணெயின் பெயரைக் குறிப்பிட்டு எழுத வேண்டும்; கொள்முதல் பில்லும் லேபிளும் வேறு வேறு பெயர் சொன்னால் அது தவறான முத்திரையிட்ட உணவு, உணவு பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 52இன் கீழ் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

அரிசி மாவும் உளுந்து மாவும்தானே, பசையம் (குளூட்டன்) எங்கே வந்தது என்று கேட்பவர்கள் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதா இருக்கிறது. ஒவ்வாமை அறிவிப்பில் கோதுமை வர வேண்டும். மிக்சரில் நிலக்கடலை சொல்லாமலே தெரியும், முந்திரியை மறந்துவிடுகிறார்கள்.

காரவகையில் செயற்கை நிறமி வந்திருக்கிறதா? நாங்கள் நிறமே போடுவதில்லை என்பார்கள், உண்மையாகவும் இருக்கும். வெளியில் வாங்கிய பச்சைப் பட்டாணியை ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டு அரை மணி வையுங்கள். தண்ணீர் பளிச்சென்று பச்சையானால் குற்றவாளி அதுதான். அந்தச் சரக்கை நிறுத்தி வையுங்கள், விற்றவரிடம் சோதனை அறிக்கை கேளுங்கள்.

அறிக்கையில் பேட்ச் எண், தயாரித்த தேதி, பொருளின் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். "ஸ்நாக்ஸ்" என்று பொத்தாம்பொதுவாகப் பெயர் போட்ட அறிக்கை எந்தப் பொருளுக்கும் உதவாது.

அறிகுறி 7: பாக்கெட் எடை குறைகிறது

தராசு முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் கையில் இருக்கிறது. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மறு முத்திரை. முத்திரையில் ஆண்டும், காலாண்டைக் குறிக்கும் ஏ, பி, சி, டி எழுத்தில் ஒன்றும் இருக்கும். சான்றைக் கண்ணில் படும்படி மாட்டுங்கள்.

முத்திரை சரியாக இருந்தும் குறைந்தால், கவரை எடை போடுங்கள். 4 கிராம் கவரிலிருந்து 7 கிராம் நிற்கும் கவருக்கு மாறியபோது தராசில் கழிவு எடையை மாற்ற மறந்தால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 3 கிராம் போகும். 200 கிராம் பாக்கெட்டுக்குச் சட்டம் பொறுக்கும் தனிப் பிழை 9 கிராம்தான். பத்து பாக்கெட் எடுத்துப் பிரித்து நிகர எடை பாருங்கள். சராசரி 200க்குக் கீழே போகக் கூடாது.

அறிகுறி 8: ஆள் கோப்பில் ஓட்டை

உணவைத் தொடும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு மருத்துவத் தகுதிச் சான்று, டைஃபாய்டு தடுப்பூசிப் பதிவு. 25 பேருக்கு ஒருவர் ஃபோஸ்டாக் என்ற உணவு பாதுகாப்புப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர். சான்று இரண்டு ஆண்டு செல்லும். சான்று வாங்கியவர் வேலையை விட்டுப் போயிருப்பார், சுவரில் அவர் சான்று மட்டும் தொங்கும். மார்ச் மாதச் சம்பளப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் பெயராக டிக் அடியுங்கள். வடமாநிலத் தொழிலாளர் தீபாவளிக்கு முன் புதிதாக வந்திருந்தால் அவர்கள் பெயர்தான் விடுபட்டிருக்கும்.

அறிகுறி 9: வெப்பமானி பொய் சொல்கிறது

குளிர்பெட்டிப் பதிவேடு நாள்தோறும் 4 டிகிரி, பன்னீர் மட்டும் புளிக்கிறது. உடைத்த ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, வெப்பமானி முனையை நடுவில் நிறுத்தி மூன்று நிமிடம் பாருங்கள். 0 டிகிரி காட்ட வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் விலகினால் மாற்றுங்கள். கொதிநீரில் சோதிப்பவர்கள் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் என்றால் 100ஐ எதிர்பார்க்க வேண்டாம். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும்; சரியான வெப்பமானியைத் தூக்கி எறிந்துவிடுவீர்கள்.

அறிகுறி 10: முன்னேற்ற அறிவிப்பு வந்திருக்கிறது

உணவு பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 32இன் கீழ் வரும் இந்த அறிவிப்பில் குறையும், அதைச் சரிசெய்யும் வழியும், காலமும் எழுதியிருக்கும். காலம் 14 நாளுக்குக் குறையாது. "சரிசெய்துவிட்டோம்" என்று ஒரு வரிக் கடிதம் எழுதாதீர்கள். குறை எண் வாரியாக, செய்த வேலை, தேதி, பில் எண், முன்னும் பின்னும் எடுத்த படம் என்று பதில் கொடுங்கள். செய்து முடிக்க முடியாத வேலை இருந்தால், ஆர்டர் கொடுத்த ரசீதையும் முடியும் தேதியையும் சேர்த்துக் கால நீட்டிப்புக் கேளுங்கள், காலம் முடிவதற்குள். பேசாமல் இருந்தால் அடுத்தது உரிம இடைநிறுத்தம். அறிவிப்பே நியாயமில்லை என்று கருதினால் உணவு பாதுகாப்பு ஆணையரிடம் 15 நாளுக்குள், அல்லது அறிவிப்பில் உள்ள காலம் அதற்கு முன்பே முடிந்தால் அதற்குள், மேல்முறையீடு செய்யலாம்.

உணவு பாதுகாப்பு அலுவலர் உங்கள் பொருளில் மாதிரி எடுத்துப் போனால், அது நான்கு பாகமாகப் பிரிக்கப்படும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலருக்கு. நான்காவது பாகத்தை அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்பும்படி நீங்கள் எழுத்தில் கேட்கலாம். அந்த இடத்திலேயே கேளுங்கள். பகுப்பாய்வாளர் அறிக்கை பாதகமாக வந்தால் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்ய 30 நாள் உண்டு. அறிக்கை கையில் வந்த தேதியைக் கவர் மேலேயே எழுதி வையுங்கள்.

அறிகுறி 11: மே 31 மாலை, பக்கம் திறக்கவில்லை

டி-1 தாக்கலுக்குக் கடைசி நாளான 2025 மே 31 சனிக்கிழமை. அலுவலக உதவி கிடைக்காது, ஆடிட்டர் தொலைபேசியை எடுக்க மாட்டார். தாமதக் கட்டணம் நாளுக்கு 100 ரூபாய். மே 15க்குள் முடித்துவிடுங்கள்.

அனுப்பு என்ற பொத்தானை அழுத்தும் முன் முன்னோட்டத்தை அச்செடுத்து, ஒருவர் வாசிக்க இன்னொருவர் பதிவேட்டில் விரல் வைத்துப் பார்க்கட்டும். கண்ணால் மட்டும் பார்த்தால் 1.55ம் 15.5ம் ஒன்றாகத் தெரியும். அனுப்பியதும் ஒப்புகையைச் சேமித்து அச்செடுங்கள். விண்ணப்ப எண் இல்லாமல் திரையை மட்டும் பிடித்த படம் சான்றாகாது. கட்டணம் ஏதும் இருந்து பணம் போய்ப் பக்கம் நின்றுவிட்டால், மறுபடி கட்டாமல், வங்கிப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு சில மணி நேரம் கழித்து அதே விண்ணப்பத்தைத் திறந்து நிலை பாருங்கள்.

ஒப்புகை, இருப்புத் தாள், டன் கணக்குத் தாள், ஜிஎஸ்டி வித்தியாசத் தாள், எண்ணெய்த் தாள், இரண்டு ஆய்வக அறிக்கை, தண்ணீர் அறிக்கை. எட்டும் ஒரே கோப்பில், இந்த வரிசையில். முதுகில் "2024-25" என்று எழுதி, உரிம நகல் மாட்டியிருக்கும் சுவருக்குக் கீழே வையுங்கள். ஏப்ரல் 1 அன்று திறந்த புதுப் பேட்ச் பதிவேட்டில் 200 கிராம், 500 கிராம், டின் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் ஏற்கெனவே கோடு போட்டிருக்க வேண்டும்.